செவலையின் புல்லும் ஜமீனும்

எங்கள் வீட்டில் எல்லாமே செவலைக்குப் பிறகுதான். செவலை என்றால் காளை. தை முதல் நாள் அவனியாபுரம் வாடிவாசலில் இறங்குகிற காளை. என் கணவர் அருள்பாண்டி தினமும் அதன் முகத்தில்தான் விழிப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வார். செவலை ஒரு தும்மல் தும்மினால் திருமங்கலத்திலிருந்து வைத்தியர் வருவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இது எரிச்சல்தான்.

அந்த எரிச்சலில்தான் நான் முயல் வாங்கினேன். ஜாக்கெட் தைத்துச் சம்பாதித்ததில், என் இஷ்டத்துக்கு, யாரையும் கேட்காமல். வந்த அன்றே அது காட்டிய பவுசைப் பார்த்து ஜமீன் என்று பேர் வைத்தேன். கொத்தமல்லி லேசாக வாடியிருந்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். முள்ளங்கிக் கீரையை மிதித்துக்கொண்டு போகும். புல்லை வைத்தால் நான் ஏதோ தட்டில் குப்பையைக் கொட்டிவிட்டது போல என்னைப் பார்க்கும். ஆனால் செவலைக்குத் தீனி வைக்கும் நேரம் மட்டும் எங்கிருந்தாலும் ஓடிவந்து, தொட்டி ஓரமாகப் பின்னங்காலில் எழும்பி நிற்கும்.

அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் உருகிவிட்டார். மார்கழி பிறந்தால் செவலைக்குச் சாப்பாடு தடபுடல்தான். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, உளுந்தும் தவிடும் கலந்து, மேலே பேரீச்சம்பழம். எனக்குத் தெரியாமல் அதில் ஜமீனுக்கும் ஒரு பங்கு போயிருக்கிறது. ஜல்லிக்கட்டுக் காளையைத் தேற்றுகிற தீனியால் முயலையும் தேற்றிவிடலாம் என்று நினைத்த புண்ணியவான் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒருநாள் காலையில் கூண்டைக் கூட்டப் போனேன். கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. எப்போதும் புழுக்கை இறைந்து கிடக்கும். அன்று தரை துடைத்துவைத்தது போல இருந்தது. ஜமீன் மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

"என்னத்தைக் குடுத்தீங்க இதுக்கு?" என்று கத்தினேன்.

"கொஞ்சூண்டு பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம்... ஆசையாப் பாத்துச்சு புள்ள."

"எம்புட்டு நாளா?"

"மார்கழி பொறந்ததுலருந்து" என்றார் மெதுவாக. பிறகு, "பதறாத. மந்தம்தான். செவலைக்கு வந்தா என்ன செய்யிறோம்? வயித்தைக் காயப்போட்டா தன்னால சரியாப் போயிரும்" என்று சொல்லித் தட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் மனிதருக்கும் மாட்டுக்கும் அதுதான் முதல் வைத்தியம். அதனால் நானும் சரி என்று விட்டுவிட்டேன். மதியம் பார்த்தால் ஜமீனின் காது சில்லிட்டுக் கிடந்தது. அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. பழைய சேலையில் சுற்றிக் கூடையில் வைத்து, அவரையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

டவுனில் இருந்த கால்நடை டாக்டர் பெயர் தீப்தி. சின்னப் பெண்தான், ஆனால் அவர் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முயலைப் பட்டினி போடச் சொன்னது யாரு? முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். தீனி நின்னா குடலும் நின்னுரும், அப்புறம் உயிருக்கே ஆபத்து. அதால வாந்திகூட எடுக்க முடியாது. இம்புட்டு மாவும் இனிப்பும் உள்ள போனா வயிறு என்னத்துக்கு ஆகும்?"

வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் நீர் ஏற்றினார். புல்லைப் பொடித்துச் செய்த மாவைக் கொடுத்து, கூழாகக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் புகட்டச் சொன்னார். "ஆனா இது அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான். அது தானா புல்லை மெல்லணும், புழுக்கை விழணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள விழலைன்னா நான் உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அரிவாளோடு கண்மாய்க்கரைக்குப் போனார். இளசாக அருகம்புல் அறுத்துவந்து, அலசித் தட்டில் வைத்தார். ஜமீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொத்தமல்லி வைத்தோம், அதற்கும் அதே திருப்பல். சிரிஞ்சில் புகட்டிய கூழில் பாதி என் சேலையில்தான் வழிந்தது. "சாகக் கெடந்தாலும் உனக்குப் பவுசு கொறையலையா?" என்று திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டில் எனக்கென்று நான் கொண்டுவந்த உயிர் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஜமீனை மடியில் வைத்துக்கொண்டு தொழுவத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கட்டு அருகம்புல்லைக் கொண்டுவந்து செவலைக்கு முன்னால் போட்டார். ஜமீனின் காது மெல்ல நிமிர்ந்தது. மூக்கு துடித்தது. என் தட்டில் இருந்ததும் அதே கண்மாய்க்கரைப் புல்தான், அதே அரிவாள் அறுத்ததுதான். அடப்பாவி, உனக்குப் புல் பிடிக்காமல் இல்லையா! உன் தட்டில் இருப்பதுதான் பிடிக்கவில்லையா!

"ஏங்க, இந்தத் தட்டுல இருக்கறதையும் செவலைக்கே போடுங்க. இது கிட்ட வந்தா விரட்டுங்க" என்றேன்.

"சீக்கு வந்து கெடக்கறதை விரட்டவா?"

"சொன்னதைச் செய்யுங்க!"

ஜமீனை இறக்கிவிட்டேன். தள்ளாடித் தள்ளாடிப் புல்லை நோக்கிப் போனது. என் வீட்டுக்காரர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "ஏய் ஜமீனு! வாயை வைக்காத! அது செவலைக்கு!" என்று அதட்டினார். அவ்வளவுதான். ஜமீன் ஒரு புல்லைப் பற்றி இழுத்தது. வெளியாள் பக்கத்தில் வந்தாலே சீறுகிற செவலை, அதன் தலையை முகர்ந்துவிட்டு முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டது. நறுக் நறுக்கென்று மெல்லும் சத்தம் கேட்டது.

"நிப்பாட்டாதீங்க, இன்னும் திட்டுங்க!" என்றேன்.

"திருட்டுப்பயலே! செவலை புல்லையா திங்கிற? தின்னுருவியா நீ? எங்க, இன்னொண்ணு தின்னு பாப்போம்!" திட்டிக்கொண்டே அந்த மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க இதே கூத்துதான். தொண்டை கட்டும்வரை அவர் திட்டினார், ஜமீன் திருடித் தின்றது. நடுநடுவே நான் அதன் வயிற்றை நீவிவிட்டேன். ஆனால் தரை மட்டும் சுத்தமாகவே இருந்தது. பொழுது சாயச் சாய நான் தொட்டியடியையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய கூட்டாளி அழகுராஜா நாலைந்து பேரோடு செவலையைப் பார்க்க வந்தார். பொங்கலுக்குச் செவலையின் கொம்பில் கட்ட என்று சரிகை போட்ட சிவப்புத் துண்டு ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். வாசலில் அவர்கள் பேச்சு களைகட்டியபோது, தொட்டியடியில் ஜமீன் வாலைத் தூக்கியது. சின்னதாக, கறுப்பாக ஒன்று விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் வரிசையாக.

"ஏங்க! விழுந்துருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். புழுக்கையை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். "குடல் ஓட ஆரம்பிச்சிருச்சு! இனிமே பயமில்லைம்மா. புல்லை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார் தீப்தி. அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது.

வாசலில் அழகுராஜா, "மாப்ள, செவலையை அவுத்துக் காட்டு" என்றார்.

"செவலை எங்கயும் போயிராது. மொதல்ல இதைப் பாரு மாப்ள."

மாட்டின் சாணத்தைப் பார்த்தே அதன் உடம்பைச் சொல்கிற ஆட்கள் அவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அழகுராஜா ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "நாரு தெரியுது மாப்ள. சீரணம் புடிச்சிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தச் சிவப்புத் துண்டை எடுத்தார்.

"மாப்ள, அது செவலை கொம்புக்கு!"

"தெரியும்டா" என்றபடி என்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னாலும் அதை என் தோளில் போட்டார். "நான் கொல்லப் பாத்தேன், இவ பொழைக்க வச்சுட்டா. இந்த வருசம் இந்த வீட்டுல ஜெயிச்சது இவதான்" என்றார், கட்டிப்போன தொண்டையோடு.

வாடிவாசலில் அடிக்கிற விசில் எங்கள் வாசலில் பறந்தது. கூழும் புல்லும் அப்பிய சேலையோடு நான் நிமிர்ந்து நின்றேன். எனக்கு வெட்கமே வரவில்லை.

துண்டைத் திருப்பி வாங்க அழகுராஜா தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

"செவலைக்கு வேற வாங்குங்கண்ணே" என்றேன்.