பொன்னுருக்குக்கு முதல்நாள்

பிரேதத்தின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டே நல்லம்மா அதனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள். ஒரேயொரு நாள் பொறுத்திருக்கக் கூடாதே? வாழ்நாளிலை ஒரு வேலையையும் அவசரப்பட்டுச் செய்யாத மனுசன், இதுக்கு மட்டும் என்ன அந்தரம் அத்தான்?"

நாகமுத்தர் பதில் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவள் ஏசினால் பதில் சொல்கிறவரல்ல. இப்போது கிடப்பதுபோலவே வாயோரத்தில் ஒரு சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அன்று காலையும் அடுப்படியில்தான் இருந்தார். கலியாணப் பலகாரத்தின் கடைசிச் சட்டியை இறக்கினார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, "பதம் சரியா இருக்கு புள்ள" என்று நல்லம்மாவின் மகள் பாலேஸ்வரியிடம் சொன்னார். பிறகு அம்மிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்தார். பெரியப்பா கண்ணயர்கிறார் என்று நினைத்து அவள் அடுப்பிலிருந்த விறகை மெதுவாக வெளியே இழுத்துவிட்டாள். அப்படியொரு சாவுக்கு ஊரில் பலர் நேர்த்தி வைத்துக் காத்திருக்கிறார்கள். அதில் நல்லம்மாவுக்கும் குறையில்லை. குறையெல்லாம் நாளில்தான்.

மறுநாள் பாலேஸ்வரிக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் பிறகு எந்தச் சாவும் கலியாணத்தை நிறுத்தாது, துடக்கு என்கிற சாவுத்தீட்டு வாசற்படலைக்கு வெளியே நின்றுகொள்ளும். உருக்குமுன் வீட்டுக்கு மூத்தவர் கண்ணை மூடினால் அந்தியேட்டிக் கிரியை முடிய முப்பத்தொரு நாளும் அந்த வீட்டில் நல்ல காரியம் இல்லை. மாப்பிள்ளை சீவரத்தினத்துக்குக் கொழும்பில் கப்பற் கம்பனிக் கந்தோரில் வேலை. இந்தக் கிழமை முடிய அவனுடைய லீவும் முடிகிறது. உலக யுத்தக் காலத்தில் அடுத்த லீவு எப்போது என்பது அவனுடைய துரைக்கே தெரியாது.

ஆனால் இவ்வளவும் நாகமுத்தர் அந்த வீட்டுக்கு மூத்தவரென்றால்தான். சிக்கலே அங்கேதான் இருந்தது. அவர் நல்லம்மாவின் புருசன் தம்பிஐயாவுக்கு அண்ணனுமில்லை, ஒன்றுவிட்ட அண்ணனுமில்லை. அக்கரையில் கோடியக்கரைப் பக்கம் பிறந்து, தாய் தகப்பனைத் தின்றுவிட்டு, தம்பிஐயாவின் தகப்பனுடைய தோணியில் சமையலுக்கு ஏறி, பருத்தித்துறையில் இறங்கி, திரும்பி ஏற மறந்தவர்.

அந்தக் காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. காற்று மாறினால் தோணிகள் போகும், வரும். சிலர் அங்கே தங்குவார்கள், சிலர் இங்கே. யுத்தம் தொடங்கிய பிறகுதான் அரசாங்கத்துக்குத் திடீரென்று எவன் இந்தக் கரை, எவன் அந்தக் கரை என்று அறியும் ஆசை வந்தது. கச்சேரியிலிருந்து சண்முகநாதன் என்ற விசாரணை உத்தியோகத்தர் குடையும் தோற்பையுமாகத் தெருத்தெருவாக வரத் தொடங்கினார். கடதாசி இல்லாத அக்கரைக்காரன் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். நாகமுத்தரைத் திருப்பி அனுப்பினால் அங்கே இறங்கி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

"அண்ணை எண்டு சொல்லிவிடுவம்" என்றார் தம்பிஐயா. தண்டையலாகத் தோணி ஓட்டிக் கடலில் திரிந்த மனுசன், யோசிக்காமல் சொன்னார். மிச்சத்தை யோசித்தது நல்லம்மாதான். நாகமுத்தர் வாயைத் திறந்தால் அக்கரைப் பேச்சு வெளியே குதித்துவிடும். "ஆமா எண்டு சொல்லிப் போடாதையுங்கோ. எதைக் கேட்டாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று இரண்டு நாள் பழக்கினாள். அவர் ஆட்டுக்கும் கோழிக்கும் ஓம் சொல்லிப் பாடமாக்கினார். அவளும் அவரைப் புருசனின் தமையன் முறைக்கு அத்தான் என்று கூப்பிடப் பழகவேண்டியிருந்தது. முதல் நாள் வெட்கத்தில் நாக்குப் புரளவில்லை.

விசாரணை முற்றத்தில் நடந்தது.

"நீர் இந்த வீட்டாரோ?" என்று சண்முகநாதன் கேட்டார்.

"ஓம்" என்றார் நாகமுத்தர்.

"இவர் உம்மடை தம்பியோ?"

"ஓம்."

"வேதாரணியப் பக்கத்திலையோ பிறந்தனீர்?"

"ஓம்" என்றார் நாகமுத்தர், முன்னையதைவிடத் திருத்தமாக.

தம்பிஐயா தொண்டையைச் செருமி, "அண்ணைக்குக் காது கேளாது ஐயா" என்றார். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "அவர் பிறக்கேக்கை சுடுதண்ணி வைச்சுக் குடுத்ததே நான்தானே ஐயா!" என்று அங்கிருந்தே சத்தியம் பண்ணினாள். அவள் நாகமுத்தரிலும் பத்து வயது இளையவள். உத்தியோகத்தர் அவளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், "அப்பிடியோ" என்று எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவருடைய குடை தெருமுனையில் தெரிந்தால் நாகமுத்தருக்குக் காது அடைத்துவிடும்.

அதெல்லாம் சிரிக்கச் சிரிக்க நடந்தது. ஒரு பொய்க்குத் துடக்கு உண்டென்று அப்போது யாருக்கு நினைவிருந்தது?

இப்போது தம்பிஐயா முருங்கையின் கீழே கவிழ்த்துப்போட்ட உரலில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். கொள்ளி வைக்கிறவர் தலையும் மீசையும் மழிக்கவேண்டும். சவரக்காரர் கத்தியைத் தீட்டிவிட்டு நின்றார். தம்பிஐயாவின் மீசை துறைமுகம் முழுக்கத் தெரிந்த மீசை, காதுவரை முறுக்கியது. கலியாணத்துக்கென்று அதற்கு ஒரு கிழமையாக எண்ணெய் பூசி வந்தார்.

படலையில் ஒரு திருக்கல் வண்டி வந்து நின்றது. வல்வெட்டித்துறையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் மகாதேவி இறங்கினாள். பிரேதத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நல்லம்மாவை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"சம்பந்தி, வாற வழியிலை கேள்விப்பட்டன். இவர் உங்கடை ஆளில்லையாம். அக்கரைச் சமையற்காரராம். மெய்யோ?"

நல்லம்மா பலகாரச் சட்டியை இழுத்து மூடினாள்.

"மெய்யெண்டால் நல்லதாய்ப் போச்சு. ஆரையும் பிடிச்சுக் கொள்ளி வைப்பியுங்கோ. வீட்டைக் கழுவிப்போட்டு நாளைக்குப் பொன்னை உருக்குவம். இல்லையெண்டால், சொல்லுறன் எண்டு குறை நினையாதையுங்கோ, என்ரை பிள்ளைக்கு வேறை இடங்களிலையிருந்தும் கேட்டு வருகினம்."

நல்லம்மா அம்மியில் கையை ஊன்றினாள். நாலு வருடமாக எத்தனை சாதகம் பார்த்து, எத்தனை பேருக்குப் பலகாரத் தட்டு நீட்டி, கடைசியாகப் பொருந்தி வந்த இடம். மகள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மாப்பிள்ளையின் படத்தைப் பெட்டிக்குள் எந்தச் சீலைக்குக் கீழே வைத்திருக்கிறாள் என்று தாய்க்குத் தெரியும். ஒரு சொல் போதும். ஊருக்கே தெரிந்த உண்மைதானே. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இஞ்சாரப்பா, நல்லம்மா!" என்று முற்றத்திலிருந்து தம்பிஐயாவின் குரல் கேட்டது. வெளியே வந்தாள். படலையில் சண்முகநாதன் நின்றார்.

தெருவில் பறைமேளம் கேட்டபோதும் அவர் வேறு வீடு என்றுதான் நினைத்திருக்கிறார். வெள்ளை கட்டியிருப்பதைப் பார்த்ததும் குடையைச் சுருக்கினார், சப்பாத்தைக் கழற்றினார்.

"கொழும்பிலை மேலிடத்துக்குத் திருப்தியில்லையாம். விசாரணை போதாது, திரும்பப் போய்ப் பார் எண்டு எழுதியிருக்கினம். அதுக்குத்தான் வந்தனான்" என்றார். பிரேதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "முதல்முறை வந்திட்டுப் போகேக்கை, இந்தப் படலையடியிலை நிண்டு, தொண்டை வறளுது எண்டு எனக்குள்ளை முணுமுணுத்தனான். ஒருத்தருக்கும் கேட்டிராது. திரும்பிப் பாக்கிறன், இளநியைச் சீவிக்கொண்டு ஓடி வாறார், காது கேளாத மனுசன்."

முதலில் சின்னத்தங்கம்தான் வெடித்தாள். ஒப்பாரிக்கு வாயைத் திறந்தவள் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையைக் கடித்தாள். பிறகு சுற்றியிருந்த பெண்கள், பிறகு பாடை கட்டிக்கொண்டிருந்த ஆட்கள். செத்தவீடு முழுவதும் குலுங்கிச் சிரித்தது. குனிந்திருந்த தம்பிஐயாவின் தோள்களும் குலுங்கின. அது சிரிப்புத்தானா என்று நல்லம்மாவுக்குத் தெரியவில்லை.

சண்முகநாதன் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அண்டைக்கே தெரியும். இனி ஒளிக்க ஒண்டுமில்லை. செத்தவர்மேலை விசாரணை இல்லை. இங்கை உறவு ஒருத்தருமில்லை எண்டு எழுதி முடிச்சுவிடுறன். பொய் சொன்னதெண்டு உங்கள்மேலை ஒரு வழக்கும் வராமல் நான் பாக்கிறன். வீட்டிலை கலியாணம் எண்டு தெருவிலை சொல்லிச்சினம். நீங்கள் அதைப் பாருங்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னார். மகாதேவியின் முகம் மலர்ந்துவிட்டது. சவரக்காரர் கத்தியை மடக்கினார். தம்பிஐயா நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். நீ என்ன சொன்னாலும் சரி என்ற பார்வை. ஆனால் கண் கலங்கியிருந்தது.

நல்லம்மா மகளைப் பார்த்தாள். பாலேஸ்வரி இந்தப் பேச்சு எதற்கும் தலையைத் திருப்பவில்லை. காலையிலிருந்து பிரேதத்தின் தலைமாட்டிலேயே இருந்து மொய்க்கிற இலையானை ஓட்டிக்கொண்டிருந்தவள், இப்போது சேலைத் தலைப்பை நனைத்து, பெரியப்பாவின் உதட்டோரத்தில் காய்ந்துபோயிருந்த பாகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நில்லுங்கோ" என்றாள் நல்லம்மா. "அவர் உயிரோடை இருக்கேக்கை தமையன் எண்டு சொன்னனாங்கள். செத்தாப்போலை இல்லையெண்டு சொன்னால், அண்டைக்குச் சொன்னதெல்லே பொய்யாய்ப் போகும்?"

உத்தியோகத்தர் விழித்தார். "அது பொய்தானே அம்மா?"

"ஆர் சொன்னது? என்ரை மாமி சாகுமட்டும், மூத்தவன் சாப்பிட்டானோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் சோத்திலை கை வைச்சவ. அவ மூத்தவன் எண்டது இவரைத்தான், என்ரை மனுசனை இல்லை. என்ரை மனுசன் தோணியிலை போன காலத்திலை எனக்குக் காய்ச்சல் எண்டால் கஞ்சி காய்ச்சினது ஆர்? இவளைத் தோளிலை வைச்சுக்கொண்டு கடற்கரை முழுக்கத் திரிஞ்சது ஆர்? இதுக்கு மேலை தமையன் எண்டவன் என்னத்தைச் செய்யிறவன்? எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கோ!"

கத்திப் பேசிவிட்டாள். பேசி முடித்தபின்தான் தான் அழுவது தெரிந்தது. உடனே கோபம் வந்து, சவரக்காரர் பக்கம் திரும்பினாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மீசையை எடு!"

தம்பிஐயா வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு சந்தோசமாகக் கழுத்தை நீட்டியதில்லை.

"அப்ப நான் என்னெண்டு எழுத?" என்று சண்முகநாதன் கேட்டார்.

"தமையன் எண்டு எழுதுங்கோ. மூத்தவர் எண்டும் எழுதுங்கோ. காது நல்லாய்க் கேக்கும் எண்டும் சேர்த்து எழுதிவிடுங்கோ."

அவர் சிரித்தார். கொழும்புக்கு என்ன எழுதினாரோ, அது அவருக்கும் மேலிடத்துக்கும்தான் தெரியும். பிரேதம் எடுத்தபோது குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு பறைமேளத்துக்குப் பின்னால் கடற்கரைச் சுடலைவரை நடந்து போனார்.

ஆண்கள் போனபின் வீடு வெறிச்சென்றிருந்தது. முற்றத்தைக் கழுவி, குளித்துவிட்டு வந்த நல்லம்மா பலகாரப் பெட்டியைத் திறந்தாள். காலையிலிருந்து அடுப்பு எரியவில்லை, கலியாணத்துக்கென்று வந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் பசியில் வாடியிருந்தார்கள். இந்தப் பலகாரம் அந்தியேட்டி கழியும்வரை தாங்காது. கலியாணம் என்று ஒன்று நடந்தால் வேறு சுடவேண்டியதுதான். நடந்தால்.

பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். சின்னத்தங்கம் கூப்பிடாமலே வந்து கையை நீட்டினாள். "எனக்கும் துடக்குத்தானே. நானெல்லே சுடுதண்ணி வைச்சனான்" என்றாள். மகாதேவி வாசற்படியில் தனியே இருந்தாள். திருக்கல்காரன் இரண்டு தரம் கூப்பிட்டும் அவள் எழும்பவில்லை. துடக்கு வீட்டில் சொந்தக்காரர்தான் வாய் வைப்பார்கள். அதனால் நல்லம்மா அவளைக் கடந்து போனாள்.

"ஏன், எனக்கில்லையோ?"

"துடக்கு வீடு, சம்பந்தி..."

"எனக்குத் தெரியாதே? தாங்கோ."

மகாதேவி ஒரு கடி கடித்தாள். மென்றாள். மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆர் சுட்ட அரியதரம்?"

நாற்பது வருடமாக அந்த அடுப்படியில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதிரசம் என்பார், வீட்டார் அரியதரம் என்பார்கள். யாரும் விட்டுக்கொடுத்ததில்லை.

"அதிரசம்" என்றாள் நல்லம்மா. "அத்தான் சுட்டது."

மகாதேவி இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். "ஆவணியிலை நல்ல நாள் கிடக்கு. பாப்பம்."

"லீவு?"

"தாய்க்குக் கடும் வருத்தம் எண்டு ஒரு தந்தி அடிச்சால் துரை விடாமல் என்ன செய்வான்? விசாரிக்க ஆள் வந்தால் நான் பாயிலை படுக்கிறன். நீங்கள் வந்து பக்கத்திலை இருந்து அழுங்கோ."

உள்ளே பாலேஸ்வரியின் சிரிப்பு ஒருமுறை கேட்டு நின்றது.

பொழுது சாயும்போது ஆண்கள் கடலில் முழுகி, ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்கள். முன்னால் வந்த மொட்டைத்தலை மனுசனை யாரென்று நல்லம்மாவுக்கு ஒரு கணம் தெரியவில்லை. தெரிந்ததும் ஒன்றும் கேட்காமல் அவருடைய கையில் ஒரு அதிரசத்தை வைத்தாள்.

தம்பிஐயா முருங்கையின் கீழே அதே உரலில் போய் இருந்தார். மெல்ல மெல்லத் தின்று முடித்தார். எப்போதும்போல மீசையைத் துடைத்து முறுக்குவதற்கு விரல்கள் மேலே போயின. அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் சிறிது நேரம் அங்கேயே நின்றன.