இருபத்தைந்தாவது கடிதம்

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் மனை விற்கும் ஆபீஸ் ஒன்றில் நரசிம்மனுக்கு ஒரே வேலைதான், ஒப்புப் பார்ப்பது. படாளத்திலும் கருங்குழியிலும் மனை பதிந்தவர்களுக்கு மாதாமாதம் கடிதம் போகும். அம்சா தட்டச்சு செய்வாள். பெயர், மனை எண், விலாசம் எல்லாவற்றையும் இவர் பதிவேட்டோடு வரிவரியாகப் பார்த்து, பிழையைச் சிவப்பில் சுழித்துத் திருப்புவார். முன்பொருமுறை மனை எண் மாறிப்போய், கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்காரர் இரண்டு பேர் ஆபீஸுக்கே வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு முதலாளி ஹரிகிருஷ்ணன் போட்டுக் கொடுத்த நாற்காலி அது.

இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் வந்தது. அம்சா தாம்பரத்தில் ஒரு வகுப்புக்குப் போய்வந்து, பெயர்களையெல்லாம் எக்செல்லில் ஏற்றினாள். மேக்ரோ என்று ஏதோ எழுதிவைத்தாள். பொத்தானைத் தட்டினால் பெயரும் எண்ணும் தானாகப் போய் அந்தந்தக் கடிதத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். நரசிம்மன் அன்றே வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மகன் அபிஷேக் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஐம்பத்து நாலு வயதுக்காரருக்கு வேறு எவன் நாற்காலி போடுவான்?

நல்ல வேளை, பிழைகள் நிற்கவில்லை. பின்கோடில் ஓர் எண் குறையும், திருமதி திருவாகிவிடும். மெஷினாவது மண்ணாங்கட்டியாவது என்று அவர் தெம்பாகச் சுழித்தார். முதலாளியும், ஆள் பார்ப்பதுபோல் வருமா என்று தலையாட்டினார்.

ஆனால் சில மாதங்களில் நரசிம்மனுக்கு மூக்கில் வியர்த்தது. மனுஷி செய்கிற பிழை சாப்பாட்டுக்குப் பிறகு கூடும், சம்பளத்தன்று குறையும். அம்சாவின் பழைய பிழைகள் அப்படித்தான் இருந்தன. இவையோ கடிகாரம் மாதிரி, சரியாக இருபத்தைந்தாவது கடிதத்தில் ஒன்று, ஐம்பதாவதில் ஒன்று என்று வந்தன. அத்தனையும் குழந்தைகூடக் கண்டுபிடிக்கிற, உப்புப் பெறாத பிழைகள். மனை எண்ணில் மட்டும் ஒருநாளும் வரவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிறாள் என்று முடிவுகட்டினார். இவர் பின்கோடைச் சுழித்துக்கொண்டிருக்கும்போது எந்த மனை யார் கைக்குப் போகிறதோ? மனை எண்களை மட்டும் தனியாக மூன்று முறை சரிபார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே பெரிய சாட்சியாகத் தெரிந்தது. அவள் டீ வாங்கிவந்து வைத்தால்கூட, எதற்கு இந்தக் கரிசனம் என்று டம்ளரை உற்றுப் பார்த்தார்.

கடைசியில் முதலாளியிடம் போய்ச் சொல்லியேவிட்டார். திருட்டைப் பிடித்துக் கொடுத்தவனை யாரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்பதும் அவர் கணக்கில் இருந்தது.

ஹரிகிருஷ்ணன் கம்ப்யூட்டர் விற்ற கேசவனை வரவழைத்தார். கேசவன் அம்சாவின் மேக்ரோவைத் திறந்து, கீழே உருட்டிக்கொண்டே போனான். அம்சா சுவரோரம் நின்றாள், முகம் வெளுத்திருந்தது. நரசிம்மனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

“திருட்டெல்லாம் ஒண்ணும் இல்ல சார். மனை நம்பரெல்லாம் கரெக்டா கீது,” என்றான் கேசவன். “ஆனா இங்க நாலு வரி தனியா எழுதிகீறாங்க. இருபத்தஞ்சு லெட்டருக்கு ஒருவாட்டி அதுவே ஒரு தப்பைப் போட்டுடும். இத எடுத்துட்டா ஒரு தப்பும் வராது.”

வேண்டுமென்றே பிழையா? முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. எதற்கு இந்த வேலை என்று அம்சாவைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒருமுறை நரசிம்மனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். முதலாளி மறுபடி கேட்டார். வேலையைவிட்டு நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னார்.

“சொல்லும்மா,” என்று நரசிம்மனும் அதட்டினார். “எதுக்குப் பண்ண? யாருக்காகப் பண்ண?”

அம்சாவின் கண் கலங்கிவிட்டது. முதலாளியைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

“தப்பே வரலன்னா சாருக்கு இங்க இன்னா வேலை கீது?”

அந்தப் பெண்ணின் காலில் விழலாமா என்றுகூட நரசிம்மனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதற்குள் ஹரிகிருஷ்ணன் அவர் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். கோபமெல்லாம் வடிந்து, கணக்குப் போடுகிற முகமாகியிருந்தது.

“அதானே,” என்றார். “இன்னா வேலை?”