ஆறு மணித் தண்ணீர்

கீழே வருவது அத்தனையும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம், பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் அந்த ஊருக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். ஐம்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். ஐம்பத்து மூன்று பேரும் ஒன்றையே சொல்வார்கள்.

அந்த ஊரில் குடிநீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிற மனிதரை எல்லோரும் வால்வு என்றே கூப்பிட்டார்கள். அவருடைய மனைவிகூட அப்படித்தான் கூப்பிட்டாள், கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்வாள். மேட்டின் மேல் தொட்டி, தொட்டிக்கு அடியில் ஓர் அறை, அறைக்குள் துருப்பிடித்த ஒரு சக்கரம். அதைப் பதினேழு சுற்று சுற்றினால் தண்ணீர் ஊருக்குள் இறங்கும். காலை ஆறு மணிக்குச் சுற்றுவார், பதிவேட்டில் மணியை எழுதிக் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு வருடமாக அதே வேலை, அதே ஆறு மணி. அவருடைய ஒழுங்கை நம்பி ஊர் கடிகாரத்தையே மறந்துபோனது. குழாய் இரண்டு முறை இருமி, ஒரு முறை ஏப்பம் விட்டுத் தண்ணீர் கொட்டினால் மணி ஆறு, அவ்வளவுதான். வீடுகளில் சுவர்க் கடிகாரம் இல்லாமல் இல்லை, எல்லாம் சுவர் விரிசலை மறைக்க மாட்டியவை. சேவல்கள்கூடக் குழாய் இருமும்வரை வாயைத் திறக்காது.

ஓடிக்கொண்டிருந்த ஒரே சுவர்க் கடிகாரம் இரும்புக் கடைக்காரர் வீட்டில் இருந்தது. ஒரு நாள் காலை அவர் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாள். சண்டையில் விழுந்த கடிகாரம் அவர் பக்கத்தில் நொறுங்கிக் கிடந்தது. முள் ஆறு பத்தில் நின்றிருந்தது.

அதுவரை அந்த ஊரில் கோழி திருடு போனதாகக்கூடப் புகார் கிடையாது. காவல் நிலையத்தில் புகார் எழுதும் பேனாவில் மை உறைந்துபோயிருந்ததால் முதல் நாள் விசாரணையைப் பென்சிலில் எழுதினார்கள். அன்று சாயங்காலமே ஊரில் தாழ்ப்பாள் தட்டுப்பாடு வந்தது. தாழ்ப்பாள் விற்கிற ஒரே ஆள் செத்துப் போயிருந்தார்.

தண்ணீர் வந்து பத்து நிமிடத்தில் அந்தக் கடைச் சந்திலிருந்து தச்சர் வெளியே வந்ததை ஊரே பார்த்திருந்தது. குடம் பிடிக்கத் தெருவுக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். முந்தின வாரம்தான் வளைந்த ஆணிகளைத் தலையில் கட்டிவிட்டாய் என்று இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. தச்சர் சொன்னது வேறு. வெளியூர் வேலை முடிந்து ஆறரை மணிப் பேருந்தில்தான் ஊரில் இறங்கினாராம். ஆணி வாங்கப் போய்க் கதவைத் தட்டினாராம், யாரும் திறக்கவில்லை என்று திரும்பி வந்தாராம். நடத்துனரும் கைக்கடிகாரத்தைக் காட்டி, ஆறரைக்குத்தான் இறக்கிவிட்டேன் என்றார்.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கமாகத் தண்ணீருக்குப் பிறகு வரும் பேருந்து அன்றைக்குத் தண்ணீருக்கு முன்னாலேயே வந்துவிட்டது, அது எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆகவே பேருந்து அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது என்று ஐம்பத்து மூன்று பேரும் சாட்சி சொன்னார்கள். மழை மூட்டமான நாள், சூரியன் சாட்சிக்கு வரவில்லை. அவர்கள் ஏறி நின்ற சாட்சிக் கூண்டு தச்சர் கையால் செய்தது. ஐம்பத்து மூன்று பேர் ஏறி இறங்கியும் ஒரு கிறீச் இல்லை. வால்வை யாரும் கூப்பிடவில்லை, அவருக்குப் பதிலாகப் பதிவேடு போனது. அதில் 6.00 என்று தெளிவாக எழுதியிருந்தது. தச்சருக்கு ஆயுள் தண்டனை.

இருபத்தாறு வருடத்தில் வால்வு தூங்கிப்போனது அந்த ஒரு நாள்தான். காய்ச்சல் இல்லை, வீட்டில் துக்கம் இல்லை, சும்மா தூங்கிவிட்டார். மேட்டுக்கு ஓடி, பதினேழு சுற்றையும் மூச்சுவாங்கச் சுற்றி முடித்துக் கையைப் பார்த்தார். இலாகா கொடுத்த கைக்கடிகாரத்தில் ஆறு நாற்பது. பதிவேட்டில் கை தன்போக்கில் 6.00 என்று எழுதியது. இத்தனை வருடப் பழக்கம்.

நாற்பது நிமிடம். ஊர் தச்சரைப் பார்த்தது ஆறு ஐம்பதுக்கு. கடிகாரம் நின்ற ஆறு பத்துக்கு அவர் பேருந்தில் இருந்தார். வால்வு இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிட்டார். சொன்னால் வேலை போகும் என்று முதலில் பயந்தார். தீர்ப்பு வந்த பிறகு பயம் வேறு மாதிரி ஆனது.

ஊர் தச்சர் மனைவியோடு பேசுவதை நிறுத்தியிருந்தது. தச்சர் செய்த கதவுகளைச் சாத்திக்கொண்டு, தச்சர் செய்த கட்டிலில் படுத்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. அவளுடைய வீடு கடைசித் தெருவில், குழாயின் கடைசி முனையில். தண்ணீர் அங்கே நூல் மாதிரிதான் வரும். வால்வு தினமும் அவளுக்காகக் கால் மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைத்தார். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நாள் சொன்னாள்:

"இந்த ஊர்ல அவருக்கு எதிரா வாய் திறக்காத மனுஷன் நீங்க ஒருத்தர்தாண்ணே."

வால்வு தலையை ஆட்டினார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பதினோரு வருடத்தில் ஆள் பாதியாகிப்போனார். சட்டையை மாட்டினால் சட்டைதான் நடந்து போகும்.

பன்னிரண்டாம் வருடம் நகரத்திலிருந்து உண்மைக் குற்றக் கதைகளைப் படம் பிடிக்கும் கூட்டம் ஒன்று வந்தது. அதற்குள் ஊர் அந்தக் கொலையை நன்றாகப் பழக்கிவைத்திருந்தது. சவரக் கடைக்காரர் முடி நீளத்துக்குத் தக்கபடி கதையை நீட்டியும் குறைத்தும் சொல்வார். மொட்டை போட வந்தவர்களுக்கு ஒரே வரி. சந்திலிருந்து தச்சர் வந்ததைப் பார்த்தவர்கள் இப்போது நூற்றிருபது பேர் ஆகியிருந்தார்கள். அதில் அறுபத்தேழு பேர் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள், அல்லது பிறக்கவே இல்லை. கேமராவுக்கு முன்னால் எல்லோரும் துவைத்த உடுப்போடு வரிசையில் நின்றார்கள். இரும்புக் கடைக்காரரின் விதவை மட்டும் கதவைத் திறக்கவில்லை. நிகழ்ச்சிக்காரப் பெண் மேட்டைக் காட்டி, நாளைக் காலை அந்தத் தொட்டியையும் எடுக்க வேண்டும், ஆறு மணிக்குத் தண்ணீர் விடுகிறவரிடமும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றாள்.

வால்வு அன்று மத்தியானமே கடைசித் தெருவுக்குப் போனார். தச்சர் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் பேச்சு முடியும்வரை அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்தாள்.

"எத்தனை நிமிஷம்?"

"நாப்பதும்மா."

"பன்னெண்டு வருஷமா கால் மணி நேரம் கூட விட்டீங்களே, இதுக்குத்தானா?"

"ஆமா."

அவள் துணியைக் கொடியில் போட்டாள். சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. அங்க மட்டும் இல்ல, கோர்ட்லயும் சொல்லுங்க. அதுக்கப்புறம் என்னை தங்கச்சின்னு நினைச்சுட்டு இந்தத் தெருப்பக்கம் வராதீங்க."

இந்த முறை அவள் அண்ணே என்று சொல்லவில்லை. வால்வு அதை மேடு ஏறும்வரை எண்ணிப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் கேமரா முன்னால் சொன்னார். சவரக் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். தச்சரைப் பற்றிக் கேட்கவில்லை.

"யோவ் வால்வு, அன்னிக்கு மட்டுந்தானா, இல்ல வேற நாள்லயும் இந்த மாதிரி விட்டிருக்கியா?"

அதுதான் ஊருக்கு வலித்தது. இருபது வருடமாகத் தாமதமாக வந்த பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்த வாத்தியார் திண்டாடிப்போனார். பிறந்த நேரம் எழுதிய நர்சம்மா பதிவேட்டை மூடிவைத்தாள். ஒரு வாரம் ஊரில் யாரும் யாரிடமும் மணி கேட்கவில்லை. சாட்சி சொன்னவர்கள் ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பேர் ஊரையே காலி செய்துவிட்டுப் போனார்கள், போகும்போது தச்சர் செய்த கதவைப் பெயர்த்துத் தச்சர் வீட்டு வாசலில் சாத்திவைத்துவிட்டு.

நீதிமன்றம் வழக்கை மறுபடி எடுத்தது. வால்வு கூண்டில் ஏறி, நாற்பது நிமிடத்தை ஒவ்வொரு நிமிடமாகச் சொன்னார். வேலை போனது, பாதி ஓய்வூதியமும் போனது. ஆறு பத்துக்குப் பேருந்தில் இருந்தவன் ஆறு பத்துக்குக் கொலை செய்திருக்க முடியாது என்று நீதிபதி எழுதினார். தச்சர் விடுதலையானார்.

பேருந்திலிருந்து தச்சர் இறங்கியபோது தலை முழுக்க நரைத்திருந்தது. ஊர் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் நடந்து, கூட்டத்தின் கடைசியில் நின்ற வால்வின் முன்னால் வந்து நின்றார். வால்வு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். தச்சர் அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீங்க தூங்கினதாலதாண்ணே நான் இன்னிக்கு வெளிய நிக்கிறேன்" என்றார்.

வால்வு தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். அன்று வீட்டுக்குப் போய் நாலு தட்டுச் சோறு சாப்பிட்டார். ஆள் தேறினார்.

இரும்புக் கடைக்காரரின் அந்தச் சுவர்க் கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கும். அதனால் தினமும் காலையில் குழாயில் தண்ணீர் வந்த உடனே அவர் அதன் முள்ளைச் சரியாக ஆறுக்குத் திருப்பி வைப்பார். கொலை நடந்த அன்றைக்கும் தண்ணீர் வந்த பிறகு அப்படித்தான் வைத்தார்.