முப்பதும் ஆறும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்து. மகள் அதே கணக்கை ஒன்பதாவது முறையாகப் போட்டு முடித்தாள்.

தாயின் வயது மகளின் வயதைப்போல் மூன்று மடங்கு. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஐந்து மடங்கு. எனில், மகளின் வயது என்ன?

அவளுக்குப் பன்னிரண்டு வந்தது. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் பதினெட்டு என்றிருந்தது. கைடிலும் பதினெட்டு.

கைடை எழுதியவள் நான். அட்டையில் ‘ஆசிரியர் குழு’ என்று போட்டிருக்கும். குழுவில் நான் ஒருத்திதான்.

“ஒன்பது தடவையும் பன்னிரண்டுதான் வருது. எனக்குக் கணக்கு மண்டையில ஏறாதும்மா.”

“ஒன்பது தடவையும் ஒரே விடை வந்தா அதுவே பெரிய விஷயம்டி. எனக்கெல்லாம் ஒன்பது விடை வரும்” என்றார் அவள் அப்பா. சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. மேசையில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் கிடந்தது. கணிதத்துக்கு எதிரே டிக் போட்டு, பிறகு அதை அடித்திருந்தாள். நாளைக் காலை கொடுக்க வேண்டும். என் கையெழுத்துதான் பாக்கி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் பன்னிரண்டுதான் வந்தது. பதிப்பகத்தாரிடம் போனில் சொன்னேன்.

“கடைசிப் பக்க விடையோட ஒத்துப் போகணும்மா. இல்லேன்னா கைடுதான் தப்புன்னு சொல்வாங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

பதினெட்டிலிருந்து பின்னோக்கி வந்தேன். மூன்றாவது வரியில் முப்பது கழித்தல் ஆறு. கழித்தல் குறியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். முப்பத்தாறு ஆயிற்று. அதில் பாதி பதினெட்டு. அடுத்த கணக்குக்குப் போனேன்.

“நோட்டைக் காட்டு.”

சமக் குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. பிழை இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘கவனம் போதாது.’

“சரிபார்த்தியா?”

“பார்த்தேன். மகளுக்குப் பன்னிரண்டுன்னா அம்மாவுக்கு முப்பத்தாறு. ஆறு வருஷம் முன்னாடி ஆறும் முப்பதும். அஞ்சு மடங்கு. பதினெட்டை வெச்சா நாலு மடங்குதான் வருது. நான்தான் எங்கேயோ கோட்டை விடறேன்.”

“டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘உங்க அம்மா எழுதின கைடுதானே, வீட்டுலயே கேட்டுக்கோ’ன்னாங்க. கிளாஸே சிரிச்சுது.”

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் போய் வந்தது.

“நீ கோட்டை விடலை. பன்னிரண்டுதான் சரி” என்றேன்.

“நிஜமாவா?”

“நிஜமா. பாடநூல்ல அச்சுப் பிழை.”

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அவள் துள்ளி எழுந்தாள். “அப்பா! நான் சரி, புத்தகம்தான் மக்கு!”

“யாரு பொண்ணு!”

“அம்மா பொண்ணு. நீங்கதான் ஒன்பது விடை ஆளாச்சே.”

கணிதத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் டிக் போட்டுப் படிவத்தை என்னிடம் தள்ளினாள். கையெழுத்துப் போட்டேன். இதோடு போயிற்று என்று நினைத்தேன்.

அவள் கைடைத் திறந்திருந்தாள். தன் நோட்டைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக விரலை நகர்த்தினாள். முதல் வரி ஒன்றுபோல் இருந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் விரல் நின்றது.

“அம்மா, அச்சுப் பிழைன்னா கடைசி விடை மட்டும்தானே மாறியிருக்கணும்? இங்க முப்பதோட ஆறைக் கூட்டினது யாரு?”