குறிப்பில் ஏறாத விடுமுறை

சட்டசபைக் குழுவின் சுருக்கெழுத்தாளர் அழகிரி பதினெட்டு நாட்களாக ஒரு நாளும் ஓய்ந்திருக்கவில்லை. கடைச் சிப்பந்திகளுக்கு வார விடுமுறை முறையாகக் கிடைக்கிறதா என்று ஊர் ஊராக விசாரித்து வந்த அக்குழு, 1958ஆம் ஆண்டின் அந்தச் சனிக்கிழமை திருச்சிராப்பள்ளிப் பயணியர் விடுதியில் கூடியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், அவருடைய வீடு. மறுநாள் மூன்று மணிக்கு அவர் மகள் வள்ளிக்கண்ணுவைப் பெண் பார்க்க வருகிறார்கள். தகப்பனார் ஊரில் இல்லையென்று இருமுறை தள்ளிப்போன காரியம் அது.

ஜவுளிக்கடை முதலாளி காஜா மைதீனைத் தலைவர் கடிந்துகொண்டிருந்தார்.

"வாரத்துல ஒரு நாள் லீவு குடுத்தா உங்க கடை மூழ்கிடுமா?"

"குடுத்துடுறேங்க, கோவிச்சுக்காதீங்க. ஆனா, எழுதுறாரே இந்த ஐயா, இவருக்கு என்னைக்கு லீவு? போன ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர்ல எங்க மச்சானை விசாரிச்சப்பவும் இவருதானாமே!"

அறையே சிரித்தது.

"இது குறிப்பில் வேண்டாம்" என்றார் தலைவர். அழகிரி பணிவுடன் பென்சிலை நிறுத்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கித் தலைவரிடம் விஷயத்தைத் தெரிவித்தார்.

"அடடா, பொண்ணு விஷயமா! அந்த வார லீவுச் சட்டம் நம்ம ஆபீசுக்குப் பொருந்தாது, உங்களுக்கே தெரியும். அதுக்காக நான் தடுப்பேனா? திருச்சி அறிக்கையை முடிச்சு வெச்சுட்டுத் தாராளமாப் போயிட்டு வாங்க."

அறிக்கை முப்பத்தாறு பக்கம். ஞாயிறு விடியுமுன்பே உட்கார்ந்தார். 'ஊழியர்க்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு இன்றியமையாதது' என்னும் கடைசிப் பரிந்துரையைத் தட்டச்சு செய்து எழுந்தபோது மணி மூன்றரை. பஸ் பிடித்து, பாலம் கடந்து, வீடு சேர்ந்தபோது அவர் மனைவி அமிர்தம் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் கிளம்பினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"மில்லுக்காரங்களுக்கே ஞாயித்துக்கிழமை லீவாம். சட்டசபை உத்தியோகத்துல இருக்கவருக்கு இல்லையாங்குறாங்க. நீங்க அங்க வேலை பாக்குறதே பொய்யோன்னு மாப்பிள்ளையோட அம்மா என் காதுபடவே கேட்டாங்க."

அழகிரி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"பையனுக்கு வள்ளியைப் பிடிச்சிருக்குங்க. அடுத்த ஞாயிறு உங்களை நேர்ல பாத்தாத்தான் மேற்கொண்டு பேச்சாம். இருப்பீங்கல்ல?"

அடுத்த ஞாயிறு குழு மதுரையில் கூடுகிறது. அந்த அறிவிப்பையும் அன்று காலை அவரே தட்டச்சு செய்திருந்தார். எப்படிச் சொல்லத் தொடங்குவதென்று தெரியாமல், முதலில் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.