எழுந்து நிற்கக் கூடாத கூடம்

"எல்லாரும் எழுந்து நில்லுங்க."

இந்த ஒன்றை மட்டும் வகுப்பில் நான் சொல்லவே கூடாது என்று முதியோர் பகல் மையத்தின் மேலாளர் என்னை வேலைக்கு எடுத்த அன்றே சொல்லியிருந்தார். பெரியவர்கள் விழாமல் இருக்க தாய் சீ என்ற சீன உடற்பயிற்சியைச் சொல்லித்தர வேண்டும். ஆனால் நாற்காலியில் உட்காரவைத்தே. கட்டிலில் படுக்கவைத்து நீச்சல் கற்றுக்கொடு என்பது போல. வீட்டில் முதல் பட்டதாரி நான். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று சொல்லித்தான் அம்மா தினமும் அனுப்புவாள். கொஞ்ச நாள் இருந்தும் பார்த்தேன்.

அன்று காலை ஓய்வுபெற்ற கண்டக்டர் புலம்பினார்: "பாத்ரூம்ல ஒரு தடவை வழுக்கிட்டேன் பாப்பா. அதுலேருந்து மருமக கதவுக்கு வெளியிலயே நிக்கிறா. 'மாமா, இருக்கீங்களா?'ங்கிறா. பதில் சொல்றதா, வந்த வேலையைப் பார்க்கறதா? கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா உட்காரணும். அவ்வளவுதான்."

"அதுக்கு முதல்ல நிக்கணும்" என்றேன்.

எழுந்தார்கள், முழங்கால்கள் முனக. கண்டக்டர் பழக்கதோஷத்தில், "உள்ள போங்க, இடம் இருக்கு" என்று எல்லோரையும் நெருக்கினார்.

"எடையை வலது காலுக்கு மாத்துங்க. கையால மேகத்தைத் தள்ளுற மாதிரி. மெதுவா."

"கொசு விரட்டுற மாதிரி இருக்கு" என்றார் கண்டக்டர்.

"எங்க விரட்டறீங்க? தடவிக் கொடுக்கறீங்க" என்றார் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை அம்மா.

அவரை முறைக்கத் திரும்பிய கண்டக்டர் தள்ளாடினார். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவருடைய இடது கால் தானாக விலகி ஊன்றியது. உடம்பு அதன்மேல் இறங்கி நின்றது.

"விழல!" என்று கத்தினார். கூடமே கைதட்டியது.

சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். "யாரு நிக்கச் சொன்னது? நம்ம மையத்துல இதுவரைக்கும் ஒருத்தர்கூட விழுந்ததில்ல, தெரியுமா?"

"சுடுகாட்டுலகூட யாரும் விழறதில்ல சார். உட்காரவெச்சே காலை மரக்கட்டையாக்கி வீட்டுக்கு அனுப்பறோம். அங்க போய் விழறாங்க. அது உங்க கணக்குல வராது."

"படிச்ச திமிரு! எல்லாரையும் உட்காரவெச்சுட்டு மன்னிப்புக் கேளு. இல்லன்னா கிளம்பு."

"எதுக்கு மன்னிப்பு? இவரு விழாததுக்கா?"

கண்டக்டர் இன்னும் உட்காரவில்லை. அந்தக் கால் ஊன்றியபோதே நான் முடிவு பண்ணியாயிற்று.

"நாளைக்குக் காலைல எதிர்ல இருக்கிற பூங்காவுக்கு வாங்க" என்றேன் அவரிடம். "செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கோங்க. மருமகளையும் கூட்டிட்டு வாங்க. பிடிக்கிறதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"யோசிச்சுப் பண்ணும்மா" என்றார் மேலாளர். அது என் காதில் விழுந்தபோது நான் வெளிக்கதவைத் திறந்துகொண்டிருந்தேன்.