நூற்றிப் பன்னிரண்டு பாகை

றிஸ்கானின் சிவப்புக் காருக்கு எந்த ஒயில் ஊற்றுவது என்று முடிவெடுக்க ஸல்ஹாவுக்கு மூன்று வாரம் பிடித்தது.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் அவளுக்கு ஒரு சின்ன கராஜ் இருந்தது. வருவதெல்லாம் பெரும்பாலும் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்கள். ஏழு வருடமாகப் பாடுபட்டுச் சேர்த்த பெயர் அவளுடையது. எஞ்சினுக்கு என்ன ஊற்றுவது என்று சந்தேகம் வந்தால் ஸல்ஹாவிடம் கேள் என்று சல்லி தொட்டு இலங்கைத்துறை வரைக்கும் சொல்வார்கள்.

றிஸ்கான் அவளுடைய நானா, கூடப்பிறந்த மூத்தவன். வருடத்தில் இரண்டு தடவை தெற்கே போய்ப் பந்தயத் திடலில் கார் ஓட்டுவான். வீதிக்கென்று செய்த காரை இருபது நிமிடம் முழு வேகத்தில் விரட்டினால் ஒயில் சூடேறித் தண்ணீராய் மெலிந்துவிடும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்க வேண்டிய படலம் அறுந்துபோகும். அதற்குப் பயந்து மிகத் தடித்த ஒயிலை ஊற்றினாலும் ஆகாது; பம்ப் திணறும், நுண்ணிய வழிகளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. காரோடு வந்த புத்தகத்தில் 5W-30 என்று போட்டிருந்தது; கடைசி எண் கூடக் கூட ஒயில் தடிப்பு. ஓட்டக்காரர் சிலர் கண்ணை மூடிக்கொண்டு அறுபதை ஊற்றினார்கள். ஸல்ஹா முதலில் ஒயிலைக் குளிரவைக்கும் கூலர் ஒன்றைக் காரின் முன்பக்கத்தில் தன் கையாலேயே பூட்டினாள். அதன் பிறகுதான் 5W-40 என்று தீர்மானித்தாள்.

"கூலர் இருக்கிற வரைக்கும் நாப்பதே காணும், நானா. சூடு நூற்றி இருபதைத் தாண்டினா எனக்குச் சொல்லுங்க. அதோட ஓட வேணாம்."

"நீ சொன்னாச் சரி," என்றான் றிஸ்கான்.

போட்டியன்று காலை, பயிற்சி ஓட்டம் முடிந்ததும் அவன் அழைத்தான். அவள் ஒரு வள்ள எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தாள்.

"சூடு எவ்வளவு நானா?"

"நூற்றிப் பன்னிரண்டு பாகை."

"மீட்டரைப் பாத்துத்தானே சொல்றீங்க?"

"ஓம், கண்ணால பாத்தனான்."

அன்று பகல் ஒன்பதாவது சுற்றில் எஞ்சின் உடைந்தது. உள்ளே இருந்த தண்டொன்று முறிந்து, எஞ்சின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னேரம், ஊர்க் கார்க்காரர்கள் எல்லாரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் றிஸ்கான் எழுதியிருந்தான்: "தங்கச்சி தந்த ஒயில் மெல்லிசாப் போச்சு. பரவாயில்ல, அவளும் படிக்கத்தானே வேணும்."

ஸல்ஹாவுக்கு நானாவின் மேல் கோபம் வரவில்லை. பிழையைத் தன்னிடமே தேடினாள். கொப்பியை எடுத்துக் கணக்கை மூன்று முறை திருப்பிப் போட்டாள். மிஞ்சியிருந்த போத்தல் போலியோ என்று சந்தேகப்பட்டு, கிண்ணியாவில் தங்கள் வீட்டுக் குசினி அடுப்பில் அதைச் சூடாக்கி, வேறொரு நல்ல ஒயிலோடு ஒப்பிட்டு வடியவிட்டுப் பார்த்தாள். ஒயிலில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் பிழை தன்னுடைய தெரிவில்தான் என்று நம்பினாள். ஒருநாள் றிஸ்கான் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "விடு, எல்லாருக்கும் பிழை வரும்," என்று சொல்லிப் போனான்.

அடுத்த கிழமை சல்லியிலிருந்து வள்ளக்காரர் கதிரவேல் வந்து, தன் இரண்டு எஞ்சின்களையும் வேறு இடத்துக்கு எடுத்துப் போனார். "கோவிக்காத பிள்ளை. நடுக்கடல்ல நிண்டா நான் என்ன செய்யிறது?" என்றார். அவற்றை லொறியில் ஏற்ற அவளும் ஒரு கை கொடுத்தாள். அதன் பிறகு யார் ஒயில் பற்றிக் கேட்டாலும், "புத்தகத்தில போட்டிருக்கிறதை ஊத்துங்க," என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கார் அவளுடைய கராஜ் வாசலில் வந்து இறங்கியது. கொழும்பில் காரை வைத்திருந்தவன் றிஸ்கானின் கூட்டாளி ரஜீவன். அவன் கொட்டகையைக் காலி செய்ததால் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டான். றிஸ்கான் குச்சவெளிக்கு வேலையாகப் போயிருந்தான்.

உடைந்த எஞ்சினை அன்றுதான் ஸல்ஹா முதன்முதலாகப் பார்த்தாள். முன் பம்பரைக் கழற்றினாள். அங்கே கூலர் இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு குழாய் வாய்களையும் ஒரு குட்டைக் குழாயால் இணைத்து இறுக்கியிருந்தார்கள். கூலர் காரின் டிக்கியில் ஒரு பழைய சாரத்துணியில் சுற்றிக் கிடந்தது. அதன் ஒரு மூலை கல்பட்டு நெளிந்து வெடித்திருந்தது.

ரஜீவனுக்கு அழைத்தாள்.

"அது முதல் பயிற்சியிலேயே கல்லுப் பட்டு ஒழுகினது தங்கச்சி," என்றான் அவன். "நாங்கள்தான் கழட்டினனாங்கள். பிறகு ஓடிப் பாக்கேக்க நூற்றி நாப்பது காட்டினது. நிப்பாட்டச் சொல்லி நான் சொன்னனான். றிஸ்கான் உங்களிட்டக் கேட்டதாம், நீங்கள் ஓம் எண்டதாம். அந்த நம்பிக்கையிலதான் விட்டனாங்கள்."

"கேட்டவர்தான்," என்று மட்டும் சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள்.

முதலில் வந்தது நிம்மதி. நாப்பது சரிதான், கணக்குப் பிழைக்கவில்லை. அந்த நிம்மதி அடங்குவதற்குள் மற்றதெல்லாம் வந்தது. குசினி வாசலில் நின்று ஆறுதல் சொன்னவனுக்கு, அவள் எதைத் தேடுகிறாள் என்பதும் அது அங்கே இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

பின்னேரம் றிஸ்கான் வந்தான். தரையில் கிடந்த கூலரைக் கண்டதும் அவன் மறுக்கவில்லை.

"சொல்லியிருந்தா ஓட விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டன்."

"அதான் சொல்லல்ல."

"ஓடினதை விடுங்க நானா. பிறகு ஏன் என்ட ஒயில் எண்டீங்க?"

"எல்லாரும் சுத்தி நிண்டு கேட்டாங்க. வாயில வந்ததைச் சொன்னன்." அவன் காரைப் பார்த்தபடியே நின்றான். "பிறகு மாத்திச் சொல்ல ஏலாமப் போச்சு."

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டில் எல்லாரும் இருந்தபோது ஸல்ஹா நடந்ததைச் சொன்னாள். உம்மா சோற்றுக் கோப்பையோடு அப்படியே நின்றார். வாப்பா கலீலுர் றஹ்மான் தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும் மகள். அந்தக் கிழமையே அவன் என்னட்டச் சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா வாப்பா பேசாம இருந்தீங்க?"

"அவனுக்குப் பொண் பாக்கிற நேரம். பொய்க்காரன் எண்டு பேர் வந்தா என்ன செய்யிற? நீ கெட்டிக்காரி. எப்பிடியும் நிமிந்திருவாய் எண்டு நினைச்சன்."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். நானா சொன்ன பொய்யை அவளால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அது பயந்தவன் சொன்ன பொய். வாப்பா நிதானமாக இருந்து யோசித்து, இரண்டு பிள்ளைகளில் யாரைப் பலிகொடுப்பது என்று தீர்மானித்திருந்தார்.

அன்றே அதே குழுவில் கூலரின் படத்தைப் போட்டு, நடந்ததை இரண்டு வரியில் எழுதினாள். றிஸ்கான் குழுவை விட்டு விலகினான். அழித்துவிடச் சொல்லி உம்மா அழுதார். அவள் அழிக்கவில்லை. கராஜுக்குப் பக்கத்தில் சிநேகிதி அம்ராவின் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சல்லிக்குப் போய்க் கதிரவேலிடமும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்; வருத்தப்பட்டார். ஆனால் எஞ்சின்கள் திரும்பி வரவில்லை. புது ஆளும் பிழையில்லாமல்தான் செய்துகொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்து றிஸ்கானுக்குக் கல்யாணம். ஸல்ஹா போனாள், படத்துக்கும் நின்றாள். விருந்து முடிகிற நேரம் பெண்ணின் தகப்பன் அவளிடம் வந்து, தன்னுடைய காருக்கு எந்த ஒயில் நல்லது என்று விசாரித்தார்.

பக்கத்தில் நின்ற றிஸ்கான் முந்திக்கொண்டான். "அவட்டயே கேளுங்க மாமா. ஒயில் விஷயத்தில என்ட தங்கச்சி பிழை விட மாட்டா." சொல்லிவிட்டு வாய்நிறையச் சிரித்தான்.

இந்த ஒரு வசனத்துக்காக அவள் எத்தனையோ நாள் காத்திருந்தாள். செலவில்லாத இடத்தில் அது எவ்வளவு சுலபமாக அவன் வாயில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காரைக் கராஜுக்குக் கொண்டு வாங்க மாமா," என்றாள். "நான் மீட்டரைப் பாத்துத்தான் சொல்லுவன். வாயால சொல்றதை வெச்சு இப்ப சொல்றதில்ல."